குட்டைச் செடியை நம்பலாம்

நெல்லில் கிராஸ் போடக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் முதலில் இடுக்கியைத்தான் கேட்கிறார்கள். எப்படிப் பிடிப்பது, எவ்வளவு அழுத்துவது, கை நடுங்காமல் இருக்க என்ன செய்வது. அதெல்லாம் ஒரு பருவத்தில் கைக்கு வந்துவிடும். நிற்கிற செடியைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாமல் அதற்குள் என்ன இருக்கிறது என்று கணக்குப் போடுவதுதான் நாள் பிடிக்கிற வேலை. நான் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் களப்பணியாளாகச் சேர்ந்து, அதிலேயே தலை நரைத்தவன். விஞ்ஞானி அல்ல. அவர்கள் தாளில் போட்ட கணக்கு சேற்றில் எப்படி முளைத்து நின்றது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

நெல் தன்னைத்தானே சூலாக்கிக்கொள்ளும் பயிர். உமி திறக்கிற நேரத்திலேயே மகரந்தப் பை வெடித்துத் தன் சூல்முடியிலேயே தூளைக் கொட்டிவிடும். கலப்பு வேண்டுமென்றால் பூ திறப்பதற்கு முந்தின நாளே தாய்ப் பூவின் ஆண் பாகத்தை எடுத்தாக வேண்டும். பொதியை விட்டுப் பாதிக்குமேல் வெளிவந்த கதிராகப் பார்த்துக்கொள்ளுங்கள். நுனிப் பூக்கள் ஏற்கனவே பூத்திருக்கும், வெட்டிவிடுங்கள். அடிப் பூக்கள் இளசு, அவற்றையும் கழியுங்கள். நடுவில் மிஞ்சியதை வெயிலுக்கு எதிரே பிடித்தால் உமிக்குள் மகரந்தப் பை நிழலாகத் தெரியும். அந்த நிழல் உமியின் பாதி உயரத்தைத் தாண்டியிருந்தால் அந்தப் பூ நாளை திறக்கும். சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகு, உமியின் மேல் மூன்றில் ஒரு பங்கைச் சாய்வாகக் கத்தரித்து, உள்ளே இருக்கிற ஆறு பைகளையும் இடுக்கியால் எடுக்க வேண்டும்.

எனக்குக் கற்றுத்தந்த பெரியவர் ஆறையும் எடுத்து இடது கைக் கட்டைவிரல் நகத்தின்மேல் வரிசையாக வைப்பார். எண்ணிப் பார்த்துவிட்டு ஊதிவிடுவார். ஐந்துதான் வந்ததென்றால், ஆறாவதைத் தேடி இடுக்கியை மறுபடி உள்ளே விட மாட்டார். தேடினால் சூல்முடி காயப்படும். அந்தப் பூவையே நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போவார். எங்கள் பக்கத்தில் வந்து நின்று, "கண்ணு, ஆறு வந்துச்சா?" என்று கேட்பார். "வந்துச்சுங்க" என்று சொல்லத் தயங்கினாலே அவருக்குப் புரிந்துவிடும். "ஒண்ணு உள்ளே நின்னுட்டா அப்புறம் பொறக்கறது அதோட சொந்தப் பிள்ளை கண்ணு. நாம கட்டிவெச்ச சம்பந்தம் இல்லை." பின்னாளில் மோட்டார் வைத்து உறிஞ்சி எடுக்கிற கருவி வந்தது. வேகமான வேலை, நல்ல வேலை. ஆனால் அது எத்தனை எடுத்தது என்று நகத்தில் வைத்துக் காட்டாது.

எடுத்து முடித்ததும் பட்டர் பேப்பர் உறையை மாட்டிக் குண்டூசி குத்திவிட வேண்டும். மறுநாள் காலை ஒன்பது மணியிலிருந்து பதினொன்றரைக்குள் தந்தைக் கதிர் பூக்கும். அந்தக் கதிரை அலுங்காமல் கொண்டுவந்து, உறையின் வாயைத் திறந்து, தாய்க் கதிரின்மேல் மெல்லத் தட்ட வேண்டும். தூள் பறப்பது கண்ணுக்குத் தெரியும். நெல் மகரந்தத்துக்கு ஆயுள் சில நிமிடம்தான். கதை பேசிக்கொண்டு வரப்பில் நடந்து வந்தால் செத்த தூளைத்தான் கொட்டுவீர்கள். சூல்முடி அப்படியில்லை, ஓரிரு நாள் தாங்கும். மேகமூட்டத்தில் தந்தை பூக்கத் தாமதித்தால் பதறவேண்டாம். தாயும் தந்தையும் ஒரே நாளில் பூக்க வேண்டுமே, அதற்கு நாற்றுவிடும்போதே வயதுக் கணக்குப் பார்த்து, ஒரு தந்தையை இரண்டு மூன்று தேதிகளில் விதைத்து வைப்பது வழக்கம். அட்டையில் தாயின் பெயர் முதலில், தந்தையின் பெயர் அடுத்து, கீழே தேதி. பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஒரு மழைக்குத் தாங்காது.

நான்கு வாரம் போனால் விதை முற்றிவிடும். உமியை நாம் கத்தரித்திருப்பதால் அரிசி பாதி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதை நாற்றங்காலில் நேரே போட்டால் அழுகிவிடும். தட்டில் ஈரத் தாள் விரித்து முளைக்கவைத்து, இரண்டு இலை வந்ததும் தொட்டிக்கு மாற்ற வேண்டும். ஒரு கதிருக்கு ஐந்து விதை கிடைத்தாலும் சந்தோஷப்படுங்கள்.

இப்போதுதான் முக்கியமான கேள்வி வருகிறது: முளைத்து நிற்பது கலப்புப் பிள்ளையா, தாயின் சொந்தப் பிள்ளையா? இதற்கு விடை, யாரைத் தாயாக வைத்தீர்கள் என்பதில் இருக்கிறது.

எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையன், நல்ல கை உள்ளவன், நெட்டையான பழைய சம்பா ரகம் ஒன்றைத் தாயாகவும் குட்டை ரகம் ஒன்றைத் தந்தையாகவும் வைத்துக் கிராஸ் போட்டான். விதை நன்றாகப் பிடித்தது. வளர்ந்த செடிகள் அத்தனையும் நெட்டை. கலப்புப் பிள்ளையும் நெட்டைதான், தப்பிய சொந்தப் பிள்ளையும் நெட்டைதான். எது எது என்று யாராலும் பிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனியாக விதைத்து, அடுத்த தலைமுறையில் எந்த வரிசையில் குட்டை பிரிகிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். ஒரு பருவம் வீண். குட்டையைத் தாயாக வைத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் விஷயம்: முளைத்து நெட்டையாக வளர்ந்தது கலப்பு, குட்டையாகவே நின்றது தப்பியது, பிடுங்கிப் போடு. முதல் தலைமுறையில் மறைகிற ஒடுங்கு பண்பு உள்ளதைத் தாயாக வை, வெளியே தெரிகிற ஓங்கு பண்பு உள்ளதைத் தந்தையாக வை. பச்சை இலைத் தாய்க்கு ஊதா இலைத் தந்தை கிடைத்தால் இன்னும் வசதி. நாற்றிலேயே நிறம் காட்டிக்கொடுத்துவிடும், வளரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் தலைமுறையில் குட்டை ஏன் காணாமல் போகிறது? ஒவ்வொரு பண்புக்கும் செடியிடம் இரண்டு பிரதி இருக்கிறது, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. தண்டை நீட்டுகிற ஜிப்ரலின் என்ற ஊக்கியைச் செய்ய ஒரு நொதி வேண்டும். நெட்டை ரகத்தில் அந்த நொதிக்கான மரபணு இரண்டு பிரதியும் நன்றாக இருக்கிறது. குட்டையில் இரண்டும் பழுது. கலப்புச் செடிக்கு ஒன்று நல்லது, ஒன்று பழுது. வீட்டுக் கிணற்றில் இரண்டு மோட்டார் இருந்து ஒன்று கெட்டாலும் தொட்டி நிறையத்தானே செய்யும்? அப்படித்தான். கூர்ந்து அளந்தால் கலப்புச் செடி நெட்டைப் பெற்றோரைவிடச் சற்றே குறைவாக இருக்கும், ஆனால் கண்ணுக்கு அது நெட்டை. பழுதான பிரதி எங்கேயும் போகவில்லை, கரையவும் இல்லை. பேசாமல் உட்கார்ந்திருக்கிறது.

இதை மறந்திருந்தால் ஐ.ஆர். 8 பிறந்திருக்காது. பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸ் நிலையத்தில் 1962-இல் பீட்டர் ஜென்னிங்ஸ் போட்ட கிராஸ்களில் எட்டாவது அது: இந்தோனேசியாவின் நெட்டை ரகமான பேட்டாவும், தைவானின் குட்டை ரகமான டீ-ஜியோ-வூ-ஜென்னும். கிடைத்தது 130 விதை. முளைத்ததெல்லாம் நெட்டை. குட்டைக்காகக் கிராஸ் போட்டவருக்கு வயலில் ஒரு குட்டைகூட இல்லை. அவற்றின் விதையை விதைத்து இரண்டாம் தலைமுறையாகச் சுமார் 10,000 செடி வளர்த்தார்கள். அதில் ஏறக்குறைய கால் பங்கு குட்டை. நெட்டையை எல்லாம் கழித்துவிட்டுக் குட்டையை மட்டும் எடுத்து வரிசை வரிசையாகப் போட்டு, 288-ஆவது வரிசையின் மூன்றாவது செடியிலிருந்து வந்ததை 1966-இல் ஐ.ஆர். 8 என்று வெளியிட்டார்கள். உரம் போட்டால் சாயாத நெல் என்று தஞ்சாவூர் வரைக்கும் பேசினார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் மகசூல் அல்ல. எல்லாம் நெட்டையாக நின்ற அந்த ஒரு தலைமுறையை யாரும் பிடுங்கி எறியவில்லை என்பதுதான்.

இரண்டாம் தலைமுறை வயலில் நின்று பார்ப்பது தனி சுகம். நெட்டை மூன்று, குட்டை ஒன்று என்று புத்தகம் சொல்லும். சின்ன வயலில் எண்ணினால் அப்படி வராது. நாற்பது செடியில் குட்டை ஆறும் இருக்கும், பதினான்கும் இருக்கும். அதைப் பார்த்துக் குழம்பவேண்டாம். இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் தலைகீழாக நினைக்கிற ஒன்று இருக்கிறது. மறைந்து வெளிவருகிற குட்டையைச் சந்தேகப்படுவார்கள், பளிச்சென்று தெரிகிற நெட்டையை நம்புவார்கள். வயலில் நம்பத்தக்கது குட்டைதான். குட்டையாக நிற்கிறதென்றால் இரண்டு பிரதியும் பழுது என்று அர்த்தம். அதனிடம் ஒளித்துவைக்க வேறொன்றும் இல்லை. அந்தப் பண்பைப் பொறுத்தவரை அது அன்றைக்கே நிலைத்துவிட்டது. அதன் பிள்ளை, பேரன் எல்லாம் குட்டை. நெட்டையோ, மூன்றில் ஒன்றுதான் சுத்தமானது. மற்ற இரண்டும் குட்டையை உள்ளே வைத்துக்கொண்டு நிற்கும். மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

அப்படியானால் ஓங்கு பண்புதான் உங்களுக்கு வேண்டும் என்றால் என்ன செய்வது? செடிவாரியாக அறுவடை செய்யுங்கள். ஒவ்வொரு செடியின் விதையையும் தனி உறையில் போட்டு, மூன்றாம் தலைமுறையில் தனி வரிசையாக நடுங்கள். முழு வரிசையும் ஒரே மாதிரி நின்றால் அதன் தாய் சுத்தம். வரிசைக்குள் ஒன்றிரண்டு ஒடுங்கியது தலைகாட்டினால் தாய் கலப்பு. வரிசைக்கு மூன்று நான்கு செடி மட்டும் நட்டுவிட்டு "சுத்தம்" என்று எழுதிவிடாதீர்கள். கால் பங்கு வாய்ப்புள்ள ஒன்று, இருந்தால் கண்ணில் பட்டே தீர வேண்டும் என்றால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதிக்குக் குறைந்தது 11 செடி வேண்டும். நாங்கள் இருபதுக்குக் குறைந்து நட்டதில்லை.

நிறத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. படித்தவர்களும் இதில் தடுமாறிப் பார்த்திருக்கிறேன். வெள்ளை அரிசித் தாய்க்கும் சிவப்பு அரிசித் தந்தைக்கும் கிராஸ் போட்டால், சிவப்பு ஓங்கு பண்பு, ஆகவே கிடைக்கிற விதை சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். உமியை உரித்தால் வெள்ளை. உடனே "கிராஸ் பிடிக்கவில்லை" என்று அட்டையைக் கிழிக்கப் போய்விடுவார்கள். அந்தச் சிவப்பு இருப்பது தவிட்டுத் தோலில். தவிட்டுத் தோல் தாயின் உடம்பு. உள்ளே இருக்கிற கருவும் மாவும்தான் பிள்ளை. பிள்ளையின் தோலைப் பார்க்க வேண்டுமானால், அது வளர்ந்து அதுவே விதை வைக்கும்வரை பொறுக்க வேண்டும். அந்தக் கலப்புச் செடியின் கதிரை உரித்தால் எல்லா அரிசியும் சிவப்பு. அதற்கடுத்த தலைமுறையில் செடிக்குச் செடி மாறும், ஆனால் ஒரே செடிக்குள் மாறாது. முழுச் செடியும் சிவப்பு, அல்லது முழுச் செடியும் வெள்ளை.

பசை அரிசியில் நேர்மாறு. பசைத்தன்மை மாவில் இருக்கிறது, மாவு பிள்ளையின் பங்கு. சாதா அரிசிக்கும் பசை அரிசிக்கும் பிறந்த கலப்புச் செடியின் ஒரே கதிரிலேயே இரண்டும் கலந்து கிடக்கும். அரிசியைக் குறுக்கே வெட்டி ஒரு சொட்டு அயோடின் விட்டால், சாதா அரிசி நீலக் கறுப்பாகும், பசை அரிசி செம்பழுப்பாகும். நான்கில் ஒன்று செம்பழுப்பு. பொறுமையிருந்தால் அந்தக் கலப்புச் செடியின் மகரந்தத்தையே கண்ணாடித் துண்டில் தட்டி அயோடின் விட்டு உருப்பெருக்கியில் பாருங்கள். சரிபாதி நீலம், சரிபாதி செம்பழுப்பு. மகரந்தத்துக்கு ஒரு பிரதிதான், அதனால் அங்கே ஓங்குவதும் இல்லை, ஒடுங்குவதும் இல்லை. அந்தக் காட்சியை முதலில் பார்த்த நாள் நான் மதியச் சோற்றுக்குப் போகவில்லை.

ஒடுங்கு பண்பு ஒன்று வேண்டுமென்றால் நான்கில் ஒன்று. இரண்டு வேண்டுமென்றால் பதினாறில் ஒன்று, மூன்று வேண்டுமென்றால் அறுபத்துநாலில் ஒன்று. முன்பு சொன்ன தொண்ணூற்றைந்து உறுதிக் கணக்கில் பார்த்தால், இரண்டுக்கு 47 செடி, மூன்றுக்கு 191 செடி நட வேண்டும். அது ஒரே ஒரு செடி கிடைப்பதற்கான கணக்கு; கிடைத்த அந்த ஒன்று நோய்பட்டதாக, சொங்கு கதிராக இருந்தால் என்ன செய்வீர்கள்? இடம் கேட்கத் தயங்காதீர்கள். பாசுமதியைக் குட்டையாக்கியபோது இந்தக் கணக்குதான்: மணமும் ஒடுங்கு பண்பு, குட்டையும் ஒடுங்கு பண்பு. 1989-இல் வெளிவந்த பூசா பாசுமதி 1 இரண்டையும் தாங்கி நிற்கிறது. மணமும் ஒரு பழுதிலிருந்து வருவதுதான். ஒரு நொதி வேலை செய்யாமல் போனால், அது மாற்றவேண்டிய பொருள் தேங்கி, அந்த வாசனைப் பொருளாகிறது.

மணம் பார்ப்பதற்கு இலையை நறுக்கி, 1.7 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு மூடி வைத்து, பத்து நிமிடம் கழித்துத் திறந்து முகர வேண்டும். இந்த வேலையில் மூக்கு சீக்கிரம் களைத்துவிடும். கொஞ்சம் தட்டு பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டு வாருங்கள். எல்லாம் மணக்கிறது என்றோ எதுவும் மணக்கவில்லை என்றோ தோன்றினால், அன்றைய பதிவை அடித்துவிடுங்கள். நிச்சயமாக மணக்கிற தட்டு ஒன்றையும் மணக்காத தட்டு ஒன்றையும் அடையாளம் மறைத்து நடுவில் வைத்துக்கொள்வது எங்கள் பழக்கம். அதைத் தப்பாகச் சொல்பவர் அன்றைக்கு முகர வேண்டாம்.

கஷ்டம் எங்கே என்றால், பின்னோக்கிக் கலப்பதில். நல்ல ரகம் ஒன்று, அதில் ஒரே ஒரு பண்பை மட்டும் ஏற்ற வேண்டும். கலப்புச் செடியை மறுபடி மறுபடி அந்த நல்ல ரகத்தோடே கலப்போம். ஏற்றவேண்டியது ஓங்கு பண்பென்றால் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியும். தெரிகிற செடியை எடுத்து அடுத்த கலப்பு. ஒடுங்கு பண்பென்றால் ஒவ்வொரு பின்கலப்பிலும் அது மறைந்தே போகும். எந்தச் செடி தாங்கியது, எது தாங்காதது என்று தெரிய, ஒரு தலைமுறை தன் மகரந்தத்தில் விட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் வேலை இரட்டிப்பு. இங்கே ஆந்திரா பொன்னி என்று நாம் சொல்கிற பி.பி.டி. 5204-க்குப் பாக்டீரிய இலைக்கருகல் எதிர்ப்பு ஏற்றிய கதை இப்படிப்பட்டது. ஏற்றிய மூன்று மரபணுக்களில் காட்டு நெல்லிலிருந்து வந்த ஒன்று ஓங்கியது, மற்ற இரண்டும் ஒடுங்கியவை. ஹைதராபாத்தில் டி.என்.ஏ. அடையாளங்களை வைத்து நாற்றிலேயே தாங்கிகளைப் பிரித்தெடுத்தார்கள். 2008-இல் ரகம் வெளிவந்தது. அந்தக் கருவியை நான் வணங்குகிறேன். ஆனாலும் கடைசியில் கத்தரியை நோய்க்கிருமிக் கரைசலில் தோய்த்து இலை நுனியை வெட்டி, இரண்டு வாரம் கழித்துக் கருகலின் நீளத்தை அளக்கிற வேலை எங்கள் மாதிரி ஆட்களுக்குத்தான் வரும்.

எல்லாப் பண்பும் இப்படி நேராக நடக்காது. இரண்டு பச்சைச் செடிக்கு ஊதாப் பிள்ளை பிறப்பதைப் பார்ப்பீர்கள். நிறத்துக்கு இரண்டு மரபணு சேர்ந்து வேலை செய்ய வேண்டிய இடத்தில், இவருக்கு ஒன்று பழுது, அவருக்கு மற்றொன்று பழுது. பிள்ளைக்கு இரண்டும் கிடைத்துவிடுகிறது. அடுத்த தலைமுறையில் ஊதா ஒன்பது, பச்சை ஏழு என்று பிரியும். கோயம்புத்தூர் நெல் நிலையம் 1912-இல் தொடங்கியது. அங்கே பார்னெல், ரங்கசாமி அய்யங்கார், ராமையா மூவரும் நெல்லின் பண்புகள் எப்படி இறங்குகின்றன என்று எண்ணி 1917-இலேயே எழுதிவைத்தார்கள். மகசூல், வயது, மணி எடை இவற்றிலெல்லாம் பல மரபணுக்களும் மண்ணும் மழையும் சேர்ந்து ஆடும். அங்கே மூன்றுக்கு ஒன்று என்று தேடுவது வீண். அதற்கு வேறு கண் வேண்டும், அது வேறு பாடம்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன், நாளைக்கே பயன்படும். நெட்டைக் குடும்பத்து வரிசையில் ஒரு குட்டை நின்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தாய் கலப்பு என்று பதிவில் குறித்துக்கொள்ளுங்கள். குட்டைக் குடும்பத்து வரிசையில் ஒரு நெட்டை நின்றால் மட்டும் நின்று பாருங்கள். இரண்டு குட்டைப் பிரதியிலிருந்து நெட்டை வர வழியில்லை. களத்தில் விதை கலந்திருக்க வேண்டும், அல்லது போன பருவம் பக்கத்து வரிசைத் தூள் காற்றில் வந்து விழுந்திருக்க வேண்டும். நெல்லில் அயல் மகரந்தம் சேர்வது பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. முதலில் உறையையும் அட்டையையும் எடுத்துச் சரிபாருங்கள், பிறகு அந்த வரிசை அடிக்கப்பட்ட களத்தில் அதற்கு முன் என்ன அடித்தார்கள் என்று கேளுங்கள். செடியை வேரோடு பிடுங்கி வரப்புக்கு வெளியே போடுங்கள், பூ எடுப்பதற்கு முன்பாகவே. ஒன்பது மணிக்குப் பூத்த பிறகு பிடுங்கினால் அடுத்த பருவம் இரண்டு பக்கத்து வரிசைகளையும் சேர்த்துத் தேட வேண்டிவரும்.